மூணு ஸ்க்ரூ, ஒரு சொட்டு நெயில் பாலிஷ்

நேற்று சாயங்காலம் எண்ணூரிலிருந்து வீட்டுக்கு வரும் வண்டியில், எதிர் சீட்டில் இருந்த பெண் ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தாள். சிவப்பு. ரயில் ஆடுகிற ஆட்டத்துக்குத் தோதாகக் கையைத் தூக்கிப் பிடித்து, ஒரு விரலில்கூட வழியாமல் பூசிக்கொண்டிருந்தாள். மீன் கூடை, வியர்வை, இரும்பு என்று அந்தப் பெட்டியில் இருந்த எல்லா வாசனையையும் தள்ளிவிட்டு அந்த வாடை மூக்கில் ஏறியது. நான் திருவொற்றியூரில் இறங்க வேண்டியவன். தண்டையார்பேட்டை பலகையைப் பார்த்த பிறகுதான் இறங்காமல் விட்டது தெரிந்தது.

அந்த வாடை எனக்கு நீதான்டா. ராயபுரத்தில் உன் செல்போன் ரிப்பேர் கடை. ஒரு போனைத் திறந்து, சரிசெய்து, மூடியதும் கடைசி ஸ்க்ரூ மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பாய். காய்ந்தால் அது ஒரு சீல். வேறு எவனாவது திறந்தால் விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

"கஸ்டமரு வேற எங்கனா குட்த்து நோண்டிட்டு, நம்மாண்ட வந்து சண்ட போடுவான் மாமு. இத்த காட்னா கம்முனு பூடுவான்" என்று சொன்னாய்.

அந்த வித்தையை உன்னிடமே கற்றுக்கொண்டு உன் மேலேயே போட்டவன் நான்.

நம் சகவாசம் தொடங்கியதே சந்தேகத்தில்தான், ஞாபகம் இருக்கிறதா? கண்ணில் மாட்டிப் பார்க்கிற விஆர் ஹெட்செட்டை வீட்டிலேயே செய்கிறவர்களின் ஆன்லைன் குழு. எந்தெந்தத் தேசத்து ஆட்களோ அரைகுறை இங்கிலீஷில் பேசிக்கொள்ளும் இடம். அங்கே ஒருநாள் யாரோ ஒருத்தன், உடைந்த லேப்டாப் திரையிலிருந்து உரித்த வெள்ளிக் காகிதம் போன்ற ஒரு ஃபிலிமைப் படம் போட்டு, 'ஃப்ரீயா கிடைக்குது, யாருக்காவது வேணுமா' என்று கேட்டிருந்தான். ஃபிலிமின் பளபளப்பில் பின்னால் இருந்தது தெரிந்தது. விசைப்படகுகள், ஐஸ் பெட்டி, வலை. காசிமேடு! எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே தனியாக மெசேஜ் அடித்தேன். 'நம்ம ஏரியா தோஸ்து, வா டீ சாப்டலாம்' என்று பதில் வந்தது. அப்போதும் நான் நம்பவில்லை. அடுத்தவன் போட்டோவை எடுத்துப் போட்டு ஏமாற்றுகிறவர்கள் ஆயிரம் பேர். கடை வாசலுக்கு எதிர்ப்புறம் அரைமணி நேரம் நின்று உன்னை நோட்டம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். நீ தலையைத் தூக்காமலே கேட்டாய்:

"எதிர்ல நின்னுகினு இருந்தியே, கால் வலிக்கல? குந்து நைனா."

நான் கண்டெய்னர் யார்டில் நம்பர் டைப் செய்கிறவன். காலேஜில் பாதியில் நின்றவன். எனக்குத் தெரிந்த அறிவியலெல்லாம் வீடியோ பார்த்தும், புரிகிற வரைக்கும் பத்துமுறை பேப்பர் படித்தும் வந்தது. ஆனால் அந்த லென்ஸ் பைத்தியம் இருந்ததே, அது நிஜம். சாதாரண ஹெட்செட் முகத்தில் செங்கல் கட்டின மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். திரைக்கும் லென்ஸுக்கும் நடுவே அவ்வளவு தூரம் வேண்டும். அந்தத் தூரத்தை மடித்துச் சின்ன இடத்துக்குள் அடைக்கிற லென்ஸ் அமைப்பு ஒன்று இருக்கிறது. ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது, எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்பதை வைத்து ஒரு வெள்ளி ஃபிலிமுக்கும், பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்புகிற 'பாதிக் கண்ணாடி'க்கும் நடுவே அதை முன்னும் பின்னும் நடக்க விட்டு, பிறகு வெளியே அனுப்பும். மூக்குக்கண்ணாடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதை நம் கையால் செய்ய வேண்டும். பெரிய பெரிய கம்பெனிகள் செய்வதை ராயபுரத்தில் ஒரு ரிப்பேர் கடையின் பின்பக்கத் தடுப்புக்குள் செய்ய வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நான் இதை உனக்கு விளக்கினபோது அம்புக்குறி போட்டு, கோணம் போட்டு, மூன்று காகிதம் கிழித்தேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே மூச்சில் முடித்தாய்.

"ஹார்பர் கேட்டு மாரி சொல்லு. எங்கப்பா லாரி எத்துகினு போவாரு. மொத வாட்டி கேட்ல, சீல் இல்ல, போன்னு தொரத்துவான். திரும்பிப் போயி ஆபீஸ்ல சீல் குத்திகினு வந்தா, அதே ஆளு, அதே கேட்டு, சலாம் வச்சி உட்ருவான். வெளிச்சமும் அப்டித்தான. மொதல்ல தொரத்தறது அந்த வெள்ளி ஃபிலிம். சீல் குத்தறது அந்தப் பாதிக் கண்ணாடி. இன்னா, கரெக்டா?"

கரெக்ட். அவ்வளவு கரெக்டாக நான் எந்த வீடியோவிலும் கேட்டதில்லை. இது என் மூளையில் ஏன் வரவில்லை என்று அன்றைக்கு எரிந்தது. அந்த எரிச்சலையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

வெள்ளி ஃபிலிம் நீ உடைந்த திரைகளிலிருந்து உரித்தது. திரை மேல் ஒட்ட வேண்டிய ஃபிலிமுக்கு நீ கொண்டுவந்தது ஒரு தியேட்டர் 3டி கண்ணாடி. 'அதைத் திருப்பித் தர வேண்டுமே' என்றேன். "அவனாண்ட ஒரு மூட்ட கீது, நம்மாண்ட ஒண்ணுகூட இல்ல" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் ஒரு மூலையில் குறித்துக்கொண்டேன்: இவன் எடுப்பான்.

ஒரு பக்கம் பாதிக் கண்ணாடிப் பூச்சு போட்ட பிளாஸ்டிக் லென்ஸையும், ஒளியின் சுழற்சியை மாற்றுகிற மெல்லிய ஃபிலிம் ஒரு துண்டையும் நான் ஆன்லைனில் வரவழைத்தேன். அந்தத் துண்டு கிடைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதன் ஓரத்தில், நீ பார்க்காதபோது, பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்தேன். மாற்றினால் தெரிய வேண்டும் அல்லவா?

முதல்முறை எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் சேர்த்து, லென்ஸை வளையத்துக்குள் வைத்து மூன்று ஸ்க்ரூ போட்டு மூடி, கண்ணில் வைத்துப் பார்த்த நாள் மறக்காது. உள்ளே இருந்த திரையில், கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக ஒரு படகு வரைந்து வைத்திருந்தோம். பெரிய படகு, கூர்மையாக, கண்ணுக்கு முன்னால் கடல் விரிந்த மாதிரி! நான் குதித்தேன். மேலே பலகையில் இருந்த டப்பா விழுந்தது. அடுத்து நீ பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"மாமு, ஒரு போட்டுக்குப் பெர்மிட் வாங்கிகினு ரெண்டு போட்டு ஓட்றியே. உள்ள குட்டியா இன்னொண்ணு கீது பாரு."

இருந்தது. பெரிய படகின் வயிற்றுக்குள் மங்கலாக ஒரு சின்னப் படகு. சீல் குத்தாமலே கேட்டைத் தாண்டிவிட்ட வெளிச்சம். இந்த வகை லென்ஸின் பெரிய வியாதியே அந்த நிழல்தான். எங்கோ ஒளியின் சுழற்சி கலைகிறது, செக்யூரிட்டி ஏமாறுகிறான்.

அதற்கப்புறம் எத்தனையோ நாள். ஃபிலிமை ஒரு டிகிரி இப்படி, ஒரு டிகிரி அப்படி என்று திருப்பித் திருப்பி வைத்தோம். நிழல் போகவில்லை. வேலை முடிந்து கடைக்கு வந்ததும் நான் செய்கிற முதல் காரியம் ஸ்க்ரூவைச் சோதிப்பது. ஒருநாள் மூன்றும் தளர்ந்திருந்தன. அதிர்வில் தளர்ந்திருக்கும் என்று நினைத்து இறுக்கினேன். மறுநாளும் தளர்ந்திருந்தன. அதிர்வுக்கு மூன்றையும் சரியாகக் கால் சுற்று தளர்த்தத் தெரியுமா?

அதே சமயத்தில்தான் உனக்கு அந்தப் போன் வர ஆரம்பித்தது. நான் உள்ளே வந்தால் எழுந்து வெளியே போவாய். ஒருமுறை ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தாய். 'லென்ஸ்' என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது. யாரிடம் என்று கேட்டேன். "சொம்மா, ஒரு தோஸ்து" என்றாய்.

என் தலைக்குள் எல்லாம் பட்பட்டென்று சேர்ந்துகொண்டது. தியேட்டர் கண்ணாடி. தளர்ந்த ஸ்க்ரூ. ஹிந்திப் போன். நான் இல்லாதபோது பெட்டியைத் திறந்து படம் எடுத்து எவனுக்கோ அனுப்புகிறான். நல்ல ஃபிலிமை எடுத்துக்கொண்டு மட்டமானதை வைத்துவிட்டான், அதனால்தான் நிழல் போகவில்லை. இப்படி ஒரு முடிவுக்கு வந்தேன். உன் மேஜையிலிருந்த பாட்டிலையே எடுத்து, மூன்று ஸ்க்ரூ மேலும் மூன்று சிவப்புச் சொட்டு வைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் மூன்று சொட்டும் விரிசல் விட்டிருந்தன. நீ எனக்காகக் காத்திருந்தாய்.

"இத்த யாரு வச்சது?"

"நான்தான்."

"என் கட சீல என் மேலயே குத்தறியா? சூப்பர் மாமு."

"தொறந்தியா இல்லியா, அத்த சொல்லு."

"தொறந்தேன். அதுக்கு இன்னா? கால் சுத்து லூசு வுட்டேன். நீ சொம்மா ரெஞ்சு வச்சி திருவுற மாரி திருவுற. டிஸ்ப்ளேல டைட்டு வச்சா வெள்ளையா பேட்ச் வுயும், தெர்தா? அந்த மாரிதான் இதுவும் இன்னாவோ ஆவுது."

"அது எல்சிடி. இது லென்சு. ரெண்டும் ஒண்ணா? லூசா வச்சா சென்டர் பூடும். டபாய்க்காத."

"எனக்கு இன்னா தெரியும். நீதான் பேப்பர் படிக்கற ஆளு. கையி சொல்லுது, நான் சொல்றன். ஒரு வாட்டி லூசா வச்சே பாரேன்."

நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழுவில் நேரலையாகக் காட்டுவதாக நான் ஒரு மாதமாகத் தம்பட்டம் அடித்திருந்தேன். வடசென்னையில் இரண்டு பேர், கம்பெனி இல்லை, காலேஜ் இல்லை, பாருங்கள் என்று. காட்டினேன். லென்ஸுக்குப் பின்னால் கேமராவை வைத்ததும் உலகம் முழுக்கப் பார்த்தது: பெரிய படகு, உள்ளே சின்னப் படகு. யாரோ சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அதற்குப் பிறகு வரிசையாகச் சிரிப்பு. இணைப்பைத் துண்டித்துவிட்டு, உன் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து, குழுவில் எழுதினேன். 'என்னோடு வேலை செய்கிறவர் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஃபிலிம் மாற்றப்பட்டிருக்கிறது. டிசைனும் வெளியே போயிருக்கலாம்.'

உன் பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமே இல்லை, 'இரண்டு பேர்' என்று நான்தான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேனே. உன் போன் டிங் என்றது. எடுத்துப் படித்தாய். முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. என் பதிவுக்குக் கீழே ஒரு கட்டைவிரல் போட்டாய். அவ்வளவுதான். எழுந்து டீ சொல்லப் போய்விட்டாய். நான் டீ வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

அந்தக் கட்டைவிரலை எத்தனை நாள் பார்த்திருப்பேன்! 'ஆமாம், எடுத்தேன், என்ன செய்வாய்' என்கிறதா? 'நல்லா இரு' என்கிறதா? நக்கலா? தெரியாமல் கை பட்டுவிட்டதா? இன்றுவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு வாரம் பேச்சே இல்லை. மழை பிடித்துக்கொண்டது. பிறகு உன் வாய்ஸ் நோட்டு வந்தது. தொண்டை கட்டியிருந்தது.

"மாமு, ஜொரம்டா. கட தொறக்கல. பொட்டி உள்ளதான் கீது, அக்காவாண்ட சாவி கீது. வந்து எத்துகினு போ. ஆனா டைட்டு வைக்காத, சொல்ட்டன்."

இதைக்கூட நான் நம்பவில்லை. காய்ச்சலாம், இருமல் வேறு நடிக்கிறான், வேண்டியதையெல்லாம் எடுத்தாகிவிட்டது, இப்போது பெட்டியைத் தலைமுழுகப் பார்க்கிறான். அப்படித்தான் நினைத்தேன். கடைக்கு வந்தேன். உன் அக்கா ஷட்டரைத் தூக்கிவிட்டாள்.

"மேலதான் பட்த்துகினு கீறான். போயி ஒரு பார்வ பாத்துட்டுப் போயேன்பா. உன்னியேதான் கேட்டுகினு கெடக்கான்."

"வேல கீதுக்கா. அப்பால வரேன்."

பெட்டியைத் திறந்தேன். மூன்று ஸ்க்ரூவும் கால் சுற்று தளர்ந்திருந்தன. கண்ணில் வைத்துப் பார்த்தேனா? இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். நான் செய்தது, அந்த இடத்திலேயே கை வலிக்க இறுக்கி, உன் மேஜை இழுப்பறையிலிருந்த பாட்டிலை எடுத்து, மூன்று சொட்டு வைத்தது. தலைக்கு மேலே மாடியில் நீ இருமினது கேட்டது.

நாலு நாளில் நீ இல்லை. டெங்கு என்றார்கள். உன்னை எடுக்கும்போது நான் தெருமுனையில்தான் நின்றிருந்தேன். அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டியைப் பரணில் போட்டேன். ஏழு மாசம் அதைத் தொடவில்லை.

நேற்று தண்டையார்பேட்டையிலிருந்து திரும்பி வந்து பரணிலிருந்து அதை இறக்கினேன். உன் ஞாபகம் வந்து உருகிப்போய் இறக்கினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் பொய். உன் திருட்டைக் கண்டுபிடிக்கத்தான் இறக்கினேன். ஏழு மாசமாக எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது: நான் சந்தேகப்பட்டது சரி என்று தெரிந்துவிட்டால், மாடி ஏறாமல் போனதற்கு ஒரு காரணமாவது கிடைக்கும்.

முதலில், ஸ்க்ரூவைத் தொடாமல், வளையத்துக்கு முன்னால் செருகியிருந்த ஃபிலிமை உருவினேன். விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் என் பென்சில் கோடு. என் ஃபிலிம்தான். யாரும் மாற்றவில்லை.

சரி, லென்ஸை மாற்றியிருப்பான் என்று நினைத்தேன். சிரிக்காதே. அப்படித்தான் நினைத்தேன். ஸ்க்ரூ போட்ட வளையத்தோடு லென்ஸை எடுத்து, லேப்டாப்பின் வெள்ளைத் திரைக்கு முன்னால் பிடித்தேன். நீ ஒரு போன் திரையிலிருந்து உரித்துக் கொடுத்த கறுப்பு ஃபிலிம் ஒன்று இருந்தது. அதை லென்ஸுக்கு முன்னால் வைத்துத் திருப்பினேன். அந்த ஃபிலிம் வழியாகப் பார்த்தால் திரை இருண்டுபோகும் ஒரு கோணம் உண்டு. நடுவில் இருக்கும் லென்ஸும் இருட்டாகத்தான் தெரிய வேண்டும்.

அப்படித் தெரியவில்லை. மூன்று ஸ்க்ரூ இருக்கும் இடத்திலிருந்தும் மூன்று வண்ண நகங்கள் கிளம்பி நடுவை நோக்கிக் கீறியிருந்தன. மஞ்சள், ஊதா, பச்சை. தண்ணீரில் டீசல் படர்ந்த மாதிரி. பிளாஸ்டிக்கை எங்கே நெரிக்கிறோமோ அங்கே ஒளியின் சுழற்சி கலையும். எத்தனை பேப்பரில் படித்திருக்கிறேன்! முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். படித்துவிட்டு நான் ஃபிலிமைச் சந்தேகப்பட்டேன், உன் போனைச் சந்தேகப்பட்டேன், உன் காய்ச்சலைச் சந்தேகப்பட்டேன். என் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

மூன்று சொட்டும் விரிசல் இல்லாமல் முழுசாக இருந்தன. கடைசியாக இறுக்கினது நான்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சுரண்டி எடுத்தேன். கால் சுற்று தளர்த்தினேன். திரை முன்னால் அந்த வண்ண நகங்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துக் கண்ணில் வைத்தேன்.

ஒரு படகு. ஒன்றே ஒன்று.

இன்று காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு ராயபுரம் போனேன். கடையில் இப்போது உன் அக்காதான் ரீசார்ஜும் கவரும் விற்கிறாள். என்னைப் பார்த்ததும், "இன்னாபா, வய்யி தெரிஞ்சிதா?" என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழுவில் நான் எழுதினதையும், நீ மாடியில் இருமினபோது நான் கீழே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இழுப்பறையைத் திறந்து உன் போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"யாராண்ட பேசினு இருந்தான்னு உனுக்குத் தெரியணும், அவ்ளோதான? லாக்கு நம்பர் எனக்குத் தெரியும். தொறந்து பாத்துக்கோ. பேஜாரு வுட்டுச்சினு இருக்கும்."

கை நீண்டது. மறைக்க மாட்டேன். விரல் கண்ணாடியைத் தொட்டுவிட்டது. அந்த ஹிந்திக்காரன் யார்? நல்ல லென்ஸ் கேட்டாயா, நம் டிசைனை விற்றாயா? இரண்டில் ஒன்று அந்தப் போனுக்குள் இருக்கிறது. நேற்று ராத்திரி வரைக்கும் இருந்த நான் என்றால் திறந்திருப்பேன்.

"வாணாக்கா. உள்ள வச்சிடு."

"ஏன்? பயமா?"

"ஆமா."

அவள் ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனை உள்ளே வைத்தாள். பெட்டியை வாங்கிக் கண்ணில் வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"போட்டு நல்லாத்தான் கீது. ஆனா கண்ணாடி லொடலொடன்னு ஆடுதேபா. கொஞ்சம் டைட்டு வைக்கக் கூடாது?"

"வைக்கக் கூடாதுக்கா" என்றேன். அதைச் சொல்லி முடிக்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வரும்போது ரயிலில் பக்கத்திலிருந்தவன் என் பையைப் பார்த்தான் என்று அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த ஹிந்திக்காரன் இன்னும் என் தலைக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் எந்த ஸ்க்ரூ போட்டாலும் இனிமேல் என் கை ஒரு கால் சுற்று திரும்பி வரும். அது என் பழக்கம் இல்லை, உன்னுடையது.

இந்த மடலை அதே குழுவில், அந்தப் பதிவுக்குக் கீழேயே போடுகிறேன். சிரித்தவர்கள் எல்லோரும் படிக்கட்டும். பழைய பதிவை அழித்துவிடலாம் என்று காலையிலிருந்து மூன்று தடவை போனேன். அழித்தால் அதன் கீழே நீ போட்ட கட்டைவிரலும் சேர்ந்து போய்விடும். அதனால் இரண்டும் அங்கேயே இருக்கின்றன.